ஐந்து வோல்ட்

கீழ்க்கோத்தகிரி எடைமேடையில் திரை இருண்டுவிட்டதாம்.
யோகமலர் பேசுகிறாள். அவள் குரலுக்குப் பின்னால்
பச்சை இலை மூட்டைகள் தரையில் விழும் சத்தம்,
"என் சாக்க முதல்ல போடுங்க" என்று யாரோ.

பின்பக்க ஸ்டிக்கரில் மாடல் நம்பர் இருக்கும், பாருங்கள் என்றேன்.
"சுவத்தோட சேத்து அடிச்சிருக்கு மேடம்.
கையை விட்டுத் தடவினேன், ஈரமா நூல்நூலா வருது."
ஐப்பசி மழை ஸ்டிக்கரைத் தின்றுவிட்டிருக்கிறது.

மாடல் தெரியாமல் பவர் போர்டு எடுக்க முடியாது.
தவறானதைப் பையில் போட்டுக்கொண்டு
குன்னூரிலிருந்து அத்தனை வளைவும் போய்த் திரும்ப
என் வயிற்றுக்கு ஆகாது.

ஆகவே பெட்ஃபோர்டில், கடையின் பின்னறையில் இருந்தபடி
அந்தக் கம்ப்யூட்டருக்குள் கம்பிவழி நுழைகிறேன்.
மேகம் இறங்கினால் அறுந்துபோகும் இணைப்பு.
ஓர் எழுத்தைத் தட்டிவிட்டு
அது தெரியும்வரை மூச்சைப் பிடித்திருக்க வேண்டும்.
கறுப்பில் வெள்ளையாக ஒற்றை வரிக் கட்டளை:
உன்னோடு கோத்திருப்பது யார்?

செத்த திரை பேசுமா?
பேசும்.
பேருக்கென்று ஒரு சின்னச் சில்லு உள்ளே தனியாகக் கிடக்கிறது.
விளக்கு போகட்டும், பிளக்கையே பிடுங்கட்டும்,
கேபிளில் கம்ப்யூட்டர் ஊட்டும் ஐந்து வோல்ட்
அதற்குப் போதும்.

வந்தது.
முதலில் ஒரு ஜோடி சுழியம், ஆறு எஃப்எஃப், மறுபடி ஒரு ஜோடி சுழியம்:
வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் மாதிரி,
ஆள் வந்தாச்சு என்பதற்கு மேல் அதில் பொருளில்லை.
அப்புறம் கம்பெனி, மூன்று எழுத்தை
இரண்டு பைட்டுக்குள் மடித்து அழுத்தி.
அகலம் நாற்பத்தொரு சென்டிமீட்டர், உயரம் இருபத்தாறு.
பிறந்த வாரம் முப்பத்தொன்று,
வருடம் இருபத்திரண்டு.

இவற்றின் பஞ்சாங்கம் தொண்ணூறில் தொடங்குகிறது.
நான் எண்பத்தொன்பது, கூடலூர் ஆஸ்பத்திரி.
எனக்கெல்லாம் இதில் வயதெழுத இடமே இல்லை என்று
சிரித்துக்கொண்டே கூட்டினேன்.
இரண்டாயிரத்துப் பன்னிரண்டு.

மறுபடி கூட்டினேன்.

பில் புத்தகம் மடியில் திறந்திருக்கிறது, கார்பன் நகல்:
கீழ்க்கோத்தகிரி தொழிற்சாலை, எடைமேடைக்கு,
மானிட்டர் ஒன்று, புதியது, ஏழாயிரத்து எண்ணூறு.
இரண்டாயிரத்து இருபத்தொன்று, பிப்ரவரி.
கையெழுத்து என்னுடையது.
வேலைக்குச் சேர்ந்து ஒன்பதாவது நாள்.
தேவசகாயம் அண்ணன் சொல்லச் சொல்ல எழுதினேன்,
டேப் ஒட்டிய பெட்டி வாசலில் ஜீப்புக்குக் காத்திருந்தது.
"புதியது" என்பதில் தி-யின் சுழிகூட
காப்பி நோட்டு அழகில் நிற்கிறது.

நூற்று இருபத்தெட்டு பைட்டையும் கூட்டி
இருநூற்று ஐம்பத்தாறால் வகுத்தால்
மீதி சுழியம் வர வேண்டும்.
ஒன்று பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.
சுழியம்தான் வந்தது.
அதன் கணக்கில் பிசகில்லை.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? பேர் கெடைச்சுதா?
எல நனஞ்சு கெடக்கு. சாக்குக்குள்ளயே சூடேறிட்டா
கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறச்சிருவாங்க."

முன்னறையில் அண்ணன் யாருக்கோ
வாரன்டி விளக்கிக்கொண்டிருக்கிறார்.

பேருக்குப் பதிமூன்று கட்டம்.
சின்னப் பேர் என்றால் முடிந்த இடத்தில் ஒரு வரிமுறிப்பு,
மிச்சக் கட்டங்களை வெற்றிடத்தால் அடைக்க வேண்டும்.
விதி அப்படி.

"கே எல் வி, ஒரு இடைவெளி, ஒன்னு ஒம்பது ஒன்னு ரெண்டு" என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
"வேற ஏதாச்சும் சொல்லுதா மேடம்?"

எட்டுக் கட்டம் நிறைந்தது.
வரி முறிந்தது.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது வெற்றிடம். நான்காவதில்
யாரோ ஒரு சாக்கை இழுக்கிறார்கள்,
சிமென்ட்டில் சரசரக்கிறது
ஈர இலை.